முதுகு வலியும் அதைத் தடுக்கும் வழிகளும்

ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்

கிராமத்தின் உண்மையான மூலதனம் அங்கு வாழும் மக்களின் உழைப்பேயாகும். அவ்வுழைப்பின் பாரம் முழுவதையும் தாங்கி நிற்பது முதுகெலும்பு. பெரிய முதலியார்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கே மரக்காணம் வரை சென்று, வழியில் நடைபெறும் தொழில்களைக் கவனித்தால் இது நன்கு விளங்கும். உப்பு வாரிச் சுமப்போர், வலை இழுத்துப் படகு தள்ளுவோர், மணிலா பிடுங்குவோர், நாற்று நடுவோர், சவுக்குக் கட்டைகளை லாரியில் ஏற்றுவோர் ஆகிய அனைவரும் குனிந்தும் நிமிர்ந்தும் சுமந்துமே ஜீவனம் செய்கின்றனர். தையற் கூடங்களிலும் கைத்தொழிற் கூடங்களிலும் நாள் முழுவதும் அமர்ந்து வேலை செய்யும் பெண்களும் இக்கரையில் பலர் உளர்.

இத்தகைய குடும்பத்தில் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் அன்றே கூலி நின்றுவிடுகிறது. பிறகு எண்ணெய், பெல்ட், ஊசி, படம் எடுத்தல் என்று செலவு தொடங்குகிறது. சில வாரங்களில் தானே தணியக்கூடிய வலிக்காகக் காதில் கிடந்த தோடு அடகுக்குப் போவதும் உண்டு. அதற்கு மாறாக, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டிய நோயை “வாயுப் பிடிப்பு” என்று எண்ணி, கால்கள் செயலிழக்கும்வரை வீட்டிலேயே கிடப்போரும் உண்டு. இவ்விரு தவறுகளையும் தவிர்க்கச் சிறிதளவு அறிவு போதும். அதனினும் முக்கியமானது, இவ்வலி பெரும்பாலும் வேலை அமைந்துள்ள முறையினால் உண்டாவது என்பதை உணர்தல். வேலையின் அமைப்பைத் திருத்துவது பஞ்சாயத்தின் கைக்கு எட்டாத காரியமன்று.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 லட்சம் மக்களுக்கு இடுப்பு வலி இருந்தது. 2050இல் இத்தொகை 84 கோடியே 30 லட்சமாக உயரக்கூடும் என்று அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவ்வாறு துன்புறுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு, எலும்பிலோ நரம்பிலோ குறிப்பிட்ட ஒரு நோயைக் காரணமாகக் காட்ட முடிவதில்லை. தசைகள், தசைநார்கள், மூட்டுகள் ஆகியவற்றின் களைப்பும் சிறு பிசகுகளுமே அவர்களுக்கு வலியாகத் தோன்றுகின்றன. இது அச்சத்தைப் போக்கும் செய்தியாகும்.

முதுகெலும்பின் அமைப்பு

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. சிறு எலும்புகள் 33 ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைந்தது. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5 ஆக 24 எலும்புகள் அசையக்கூடியவை. அவற்றின் கீழே 5 எலும்புகள் ஒன்றாக இணைந்தும், அடியில் 4 சிற்றெலும்புகள் வால்போலவும் அமைந்துள்ளன. அசையும் எலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. நம் மக்கள் இவற்றை “ஜவ்வு” என்பர். வெளியே உறுதியான நார் வளையமும், உள்ளே கூழ் போன்ற பொருளும் கொண்ட இவ்வட்டுகளே அதிர்ச்சியைத் தாங்குகின்றன. எலும்புகளின் பின்புறத்துக் குழாயில் தண்டுவடம் செல்கிறது. அதன் கீழ்ப்பகுதியிலிருந்து பிரியும் நரம்புகள் கால்களுக்கும், சிறுநீர், மலம் கழிக்கும் உறுப்புகளுக்கும் செல்கின்றன.

“ஜவ்வு விலகிவிட்டது” என்று கேட்டவுடன் பலர் கதிகலங்கிப் போகின்றனர். உண்மையில் வட்டு தன் இடத்தைவிட்டு நழுவி ஓடுவதில்லை. நார் வளையத்தில் வெடிப்பு ஏற்பட்டு உட்பொருள் சிறிது பிதுங்குகிறது. அது நரம்பை உறுத்தினால், பிட்டத்திலிருந்து தொடை வழியாகப் பாதம் வரை மின்னல் வெட்டுவது போன்ற வலி உண்டாகும். இவ்வாறு பிதுங்கிய பகுதி பலருக்குச் சில மாதங்களில் தானே சுருங்கிவிடுகிறது. அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோர் சிலரே.

“எலும்பு தேய்ந்துவிட்டது” என்ற சொல்லும் இத்தகையதே. வலி சிறிதும் இல்லாதவர்களின் முதுகைப் படம் எடுத்து நடத்திய பல ஆராய்ச்சிகளின் தொகுப்பு 2015இல் வெளியாயிற்று. அதன்படி, வலியில்லாத 20 வயதினரிலேயே நூற்றுக்கு 37 பேருக்கும், 80 வயதினரில் நூற்றுக்கு 96 பேருக்கும் வட்டுத் தேய்மானம் காணப்பட்டது. தலை நரைப்பதைப் போன்றே இதுவும் வயதின் அடையாளம். ஆகவே படத்தில் தேய்மானம் தெரிவதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவு செய்துவிடலாகாது.

சுமையின் கணக்கு

கடப்பாரையின் நுனியைக் கல்லுக்கடியில் கொடுத்து நெம்புவோர், பிடி எவ்வளவு நீளமோ அவ்வளவு வலிமை கிடைக்கும் என்பதை அறிவர். இடுப்பிலும் இதே விதி நடக்கிறது. ஆனால் அங்கு அது நமக்கு எதிராக வேலை செய்கிறது. முதுகை நிமிர்த்தும் தசைகள் முதுகெலும்பின் மையத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் உள்ளன. 20 கிலோ எடையுள்ள கூடையைக் கைகளை நீட்டி, உடலிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளித் தூக்கினால், தசைகள் அதைப்போல் எட்டு மடங்கு, அதாவது 160 கிலோ விசையுடன் இழுக்க வேண்டும். அதே கூடையை உடலோடு நெருக்கி 20 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் 80 கிலோ விசை போதும். குனிந்த நிலையில் நம் மேலுடம்பின் கனமும் இதனுடன் சேருகிறது.

சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் வட்டுகளுக்குள் ஊசியைச் செலுத்தி, அவற்றின் உள்ளழுத்தத்தை அளந்தார். நிற்கையில் உள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால், மல்லாந்து படுக்கையில் அது சுமார் 25 ஆகக் குறைந்தது. முன்குனிந்து நிற்கையில் சுமார் 150 ஆகவும், கையில் சுமையுடன் குனிகையில் 200க்கு மேலும் உயர்ந்தது. இவற்றிலிருந்து மூன்று விதிகளைக் கொள்ளலாம். சுமையை உடலோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். இடுப்பை மட்டும் வளைக்காமல் முழங்காலை மடக்கி எழ வேண்டும். சுமையுடன் இடுப்பைத் திருகாமல் பாதங்களை நகர்த்தித் திரும்ப வேண்டும். மண் வேலையில் சட்டிகளைக் கைமாற்றும்போது பெரும்பாலோர் மூன்றாவது விதியையே மீறுகின்றனர்.

உப்பளத்து வேலை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்ததும் உப்பளங்களில் பாத்திகளைத் திருத்தும் வேலை தொடங்குகிறது. சேற்றை அள்ளுதல், தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துதல், நீர் பாய்ச்சுதல், விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவித்தல், கூடையில் அள்ளித் தலையில் வைத்து அம்பாரத்துக்குக் கொண்டு செல்லுதல், மூட்டை பிடித்து லாரியில் ஏற்றுதல் என்று வேலைகள் தொடர்கின்றன.

தலையில் சும்மாடு வைத்து நிமிர்ந்து நடக்கும்போது, பாரம் நேராக முதுகெலும்பின்மீது இறங்குவதால் இடுப்பில் நெம்பு குறைவாகவே உள்ளது. கழுத்துக்குப் பளு உண்டு எனினும், இடுப்புக்குக் கேடு விளைவிப்பது பெரும்பாலும் நடை அன்று. நிறைந்த கூடையைத் தரையிலிருந்து தனியாகத் தூக்கித் தலைக்கு ஏற்றும் கணமும், ஈர வரப்பில் கால் வழுக்கி உடல் குலுங்கும் கணமும், குனிந்தபடியே நெடுநேரம் உப்பு வாரும் நேரமுமே ஆபத்தானவை. 25 கிலோ கூடையை ஒரு நாளில் 100 முறை சுமந்தால் இரண்டரை டன் ஆகிறது. இவ்வளவு பாரத்தை ஒரு கழுத்தும் ஓர் இடுப்பும் நாள்தோறும் தாங்குகின்றன என்பதைக் கூலி பேசுவோர் நினைவில் கொள்ளுதல் நலம்.

மழைக்கால மூன்று மாதங்கள் உடல் வேலையின்றி இருந்து, பிறகு முதல் நாளிலேயே முழுச் சுமை ஏற்றுவதும் தவறு. உழவு மாட்டையே படிப்படியாகப் பழக்கும் நாம், மனிதருக்கும் முதல் இரு வாரங்களில் சிறிய கூடையும் குறைந்த நடையும் வகுத்தல் வேண்டும்.

அமெரிக்காவிலுள்ள தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம், எல்லா வசதிகளும் பொருந்திய நிலையில்கூட ஒருவர் தூக்கத் தக்க எடை 23 கிலோ என்று 1991இல் வகுத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல், உடல்நலத்துக்குக் கேடு தரும் எடையை எந்தத் தொழிலாளியும் சுமக்கும்படி செய்யலாகாது என்றும், பெண்களுக்கான எடை ஆண்களுக்குரியதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும் என்றும் உடன்படிக்கை வகுத்தது. ஆண்களுக்கும் 55 கிலோவே மேல் எல்லை என்பது அதனுடன் சேர்ந்த பரிந்துரை.

ஒரு மண்வெட்டியின் வரலாறு

கருவியை மாற்றினால் முதுகைக் காக்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு சான்று உண்டு. அங்குக் கீரைத் தோட்டங்களிலும் சர்க்கரை பீட் வயல்களிலும் களை வெட்டிய கூலித் தொழிலாளர்களுக்குச் சுமார் 2 அடிக் காம்பு உள்ள குட்டைக் களைக்கொத்தே கொடுக்கப்பட்டது. அதைக்கொண்டு வேலை செய்ய, நாள் முழுவதும் இரட்டையாக மடங்கி நிற்க வேண்டியிருந்தது. குட்டைக் காம்பு இருந்தால்தான் பயிருக்குச் சேதமின்றி வேலை நடக்கும் என்று பண்ணையார்கள் வாதித்தனர். யார் நிமிர்ந்து நிற்கிறார் என்று மேற்பார்வையாளர் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளவும் அது வசதியாக இருந்தது. முதுகு கெட்ட தொழிலாளர்கள் வழக்குத் தொடர்ந்தனர். மருத்துவர்கள் சாட்சி கூறினர். 1975இல் மாநில உச்ச நீதிமன்றம் தொழிலாளர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்க, அக்கருவி தடை செய்யப்பட்டது. நீண்ட காம்புக் கொத்து வந்தது. பயிர்த்தொழில் தடையின்றி நடந்தது.

நம் மண்வெட்டியின் காம்பும் குட்டையானதே. உழவர்கள் தங்கள் உயரத்துக்கு ஏற்ப நீண்ட காம்பு போட்டுக்கொள்வதற்குத் தச்சுக்கூலி மட்டுமே செலவாகும். திருந்திய நெல் சாகுபடியில் கோனோ களைக்கருவியை உருட்டிக்கொண்டு நிமிர்ந்தே களை எடுக்கலாம் என்பதை நம் உழவர் பலர் கண்டறிந்துள்ளனர். உப்பு வாரும் பலகைக்கும் இவ்விதி பொருந்தும்.

வலி கண்டால் செய்ய வேண்டியவை

முதுகு வலிக்குப் பலகைமேல் பல நாள் அசையாமல் படுக்க வேண்டும் என்பது முன்னாள் வழக்கம். மருத்துவர்களும் அவ்வாறே கூறி வந்தனர். 1986இல் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி, 7 நாள் படுத்தவர்களைவிட 2 நாள் படுத்தவர்கள் எவ்வகையிலும் பின்தங்கவில்லை என்றும், அவர்கள் விரைவில் வேலைக்குத் திரும்பினர் என்றும் காட்டிற்று. 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடையே நடந்த ஆராய்ச்சியில், வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்களே படுத்திருந்தவர்களைவிட விரைவில் குணமடைந்தனர். அசையாத முதுகு மேலும் இறுகும். படுத்தே கிடக்கும் தசை வலிமை இழக்கும்.

ஆகவே கடுமையான வலியில் ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு சிறிது சிறிதாக நடக்க வேண்டும். இளஞ்சூட்டு ஒத்தடம் தசை இறுக்கத்தைத் தளர்த்தும். பாரம் தூக்குதலையும் நெடுநேரம் குனிதலையும் சில நாட்களுக்கு விலக்கிக்கொண்டு, மற்ற வேலைகளைச் செய்யலாம்.

வலி தணிந்தபின் மூன்று எளிய பயிற்சிகளை நாள்தோறும் செய்துவருதல் நன்று. முதலாவது, மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை இரு கைகளாலும் மார்பை நோக்கி இழுத்து, பத்து எண்ணும்வரை வைத்துப் பிறகு மறுகாலுக்கும் அவ்வாறே செய்தல். இரண்டாவது, மல்லாந்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குதல். மூன்றாவது, குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் மெதுவாக உயர்த்துதல். காலில் வலி பரவினால் நிறுத்திவிட்டு, உடற்பயிற்சிச் சிகிச்சையாளரைக் கேட்க வேண்டும். 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட இயலாதோருக்கு வீட்டிலேயே இத்தகைய சிகிச்சை அளிக்க ஏற்பாடு உண்டு.

நாட்பட்ட இடுப்பு வலி குறித்து உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கம் அளித்தலையும் வற்புறுத்துகிறது. இடுப்புப் பட்டைகளையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகக் கையாள வேண்டாம் என்கிறது. மிதமாக எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை. காலோடு பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கையால் முதுகை மிதிக்கச் செய்வது மட்டும் ஆபத்து. எலும்பு வலுவிழந்த முதியவர்களுக்கு அதனால் முறிவே நேரக்கூடும்.

வலி மாத்திரையும் சிறுநீரகமும்

கடையில் பெயரறியாமல் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளைப் பற்றி உப்பளத் தொழிலாளர்கள் குறிப்பாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வெயிலில் வியர்த்து நீர் குறைந்த உடலில் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. வலி மாத்திரைகளில் பலவும் அதையே மேலும் குறைக்கின்றன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தனர். அவர்கள் அளவுக்கு மீறிய வெப்பத்தில் வேலை செய்வதையும், நூற்றுக்கு 7 பேரிடம் சிறுநீரகத்தின் செயல் குறைந்திருப்பதையும் கண்டனர். எனவே மாத்திரை வேண்டுமாயின் டாக்டரின் சொற்படி, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கே கொள்ள வேண்டும். வேலைத் தலத்தில் நிழலும் குடிநீரும் அவசியம். விலாவுக்குக் கீழே ஒருபக்கமாக வலியும், சிறுநீரில் எரிச்சலோ இரத்தமோ காய்ச்சலோ இருந்தால், அது சிறுநீரக நோயாகவும் இருக்கலாம்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்கண்ட அறிகுறிகளை ஒவ்வொரு வீட்டாரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

1. சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், அல்லது சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றிப் போதல், தொடைகளின் உட்புறமும் ஆசனப் பகுதியும் மரத்துப்போதல், கால்கள் வலுவிழத்தல். இவை தோன்றினால் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கலாகாது. விழுப்புரம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ உடனே செல்ல வேண்டும்.

2. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகியவற்றுடன் கூடிய, படுத்தாலும் தணியாத வலி. இது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம்.

3. முன்பு புற்றுநோய் கண்டவருக்குப் புதிதாக வரும் முதுகு வலி. முதிய பெண்மணிக்குச் சிறு தடுக்கலுக்குப் பின் வரும் கடும் வலி. குழந்தைகளுக்கு வரும் நீடித்த வலி.

4. பனை, தென்னை, கூரை ஆகியவற்றிலிருந்து விழுந்தபின் வரும் வலி. விழுந்தவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்கக் கூடாது. உட்கார வைக்கவும் கூடாது. 108 ஊர்தியை அழைத்து, அது வரும்வரை தலையும் கழுத்தும் அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தவிர்க்க முடியாமல் நகர்த்தினால், பலர் சேர்ந்து தலை, கழுத்து, உடல் யாவும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி, மரத்துண்டை உருட்டுவதுபோல் உருட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். தவறாகத் தூக்குவதால் தண்டுவடம் அறுபட்டு ஆயுள் முழுவதும் கால் விளங்காமல் போகக்கூடும்.

முதுகெலும்புக் காசநோய் என்றதும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. முன்பு இந்நோயாளிகளை மாவுக்கட்டில் மாதக்கணக்காகக் கிடத்துவது வழக்கம். 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. 1970களில் அங்குத் தொடங்கிய ஆராய்ச்சி, நோயாளிகள் நடமாடிக்கொண்டே மருந்துகளை 6 அல்லது 9 மாதம் உட்கொண்டு பெரும்பாலோர் குணமடையலாம் என்று நிரூபித்தது. இம்மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. டாக்டர் கூறும் காலம் முழுவதும் இடைவிடாது உட்கொள்வதே கடமை.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

நம் முன்னோர் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நாட்டினர். இரண்டு கற்களை நிறுத்தி, குறுக்கே ஒரு கல்லை ஏற்றிய எளிய அமைப்பு அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நாட்டும் வழக்கம் இருந்தது. தலைச்சுமையுடன் வருபவர், யார் துணையும் இன்றிச் சுமையை இறக்கவும், குனியாமலே மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்ளவும் அது உதவிற்று. இன்றைய மருத்துவர்கள் கூறும் விதியும் இதுவே: சுமை தரையிலிருந்து தொடங்கக் கூடாது, இடுப்பு உயரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வறிவை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவரலாம். பொதுக் குழாயடியில் குடம் நிரப்பும் மேடையை அடுத்து, இடுப்பு உயரத்தில் ஒரு திண்ணை கட்டினால் பெண்கள் நிறைகுடத்தை இரு படியாக ஏற்றிக்கொள்வர். உப்பளத்துக்குச் செல்லும் வழியிலும் அம்பாரத்தின் அருகிலும் சுமைதாங்கி மேடைகள் அமைக்க, உப்பள உரிமையாளர்களையும் கூட்டுறவாளர்களையும் அங்கத்தினர்கள் தூண்டலாம். வழுக்கும் வரப்பில் பலகைப் பாதை போட்டு, அகன்ற சக்கரமுள்ள தள்ளுவண்டியைப் பயன்படுத்தினால் தலைச்சுமையே பெரிதும் குறையும். வண்டி ஓடாத இடங்களில் கூடையைச் சிறிதாக்கலாம். இருவர் சேர்ந்து தூக்கிவிடும் முறையைக் கட்டாயமாக்கலாம். லாரி ஏற்றும் இடத்தில் வண்டித் தட்டின் உயரத்துக்குத் திட்டு அமைத்தால் மூட்டையைத் தூக்காமலே நகர்த்தி ஏற்றலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் நீண்ட காம்புக் கருவிகளையும் தள்ளுவண்டிகளையும் பொதுவில் வாங்கி வாடகைக்கு விடலாம்.

சிறிய கூடையால் கூலி குறையுமே என்ற கவலை தொழிலாளர்களுக்கு எழுவது இயற்கை. கூடைக் கணக்கில் கூலி கொடுக்கும் இடங்களில் அக்கணக்கையும் சேர்த்துத் திருத்தாவிடில், உடல்நலத்தின் பெயரால் வருமானத்தைக் குறைத்ததாகிவிடும். ஆகவே இதை உரிமையாளர், தொழிலாளர், பஞ்சாயத்து ஆகிய மூவரும் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதை ஒரு பொருளாக வைத்து, வேலைத் தலங்களைச் சுற்றிப் பார்த்து, எங்கெங்கு மக்கள் தரையிலிருந்து பாரம் தூக்குகின்றனர் என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். செலவில்லாத திருத்தங்களை அந்த வாரமே தொடங்கலாம். செலவுள்ளவற்றைக் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கலாம்.

வலி வந்தபின் தரும் சிகிச்சை ஒருவருக்குப் பயன்படும். ஒரு சுமைதாங்கி மேடை அவ்வழியே நடக்கும் எல்லோருக்கும், தலைமுறை கடந்தும் பயன்படும். உழைப்போர் முதுகு நிமிர்ந்து வீடு திரும்பும் ஊரே முன்னேறும் ஊராகும். பஞ்சாயத்து அங்கத்தினர்களும் உழவர் பெருமக்களும் இப்பணியில் முனைந்து ஈடுபடுவார்களாக.